பேரரசைக் கேள்வி கேட்ட துறவி

ஒரு நாடு கடல் கடந்து சென்று மற்றொரு நாட்டைக் கைப்பற்ற வேண்டுமானால் அதற்குக் கப்பல்கள் வேண்டும், படைக்கலங்கள் வேண்டும், பெரும்பொருள் வேண்டும். இவை அனைத்திற்கும் முன்பாக ஒரு நம்பிக்கை வேண்டும். தான் செய்வது கொள்ளையன்று, கடமை என்றும், தான் ஆள்வது ஆளப்படுபவரின் நன்மைக்கே என்றும் கருதும் நம்பிக்கை அது. அந்த நம்பிக்கை உள்ளத்தில் வேரூன்றிவிட்டால், இயல்பில் நல்லவனாகிய ஒருவன்கூடப் பிறருடைய நிலத்தையும் உழைப்பையும் பறித்துக்கொண்டு இரவில் அமைதியாக உறங்க முடியும்.

பதினாறாம் நூற்றாண்டின் ஸ்பெயின் நாட்டில் அவ்வாறு உறங்கியவர் ஆயிரக்கணக்கானோர். அவர்களுள் ஒருவராக இருந்து, பின்னர் விழித்துக்கொண்டு, ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் தம் நாட்டை எழுப்ப முயன்ற ஒருவர் இருந்தார். அவர் பெயர் பார்த்தலோமே தே லாஸ் காஸாஸ்.

செவில் நகரத்துச் சிறுவன்

லாஸ் காஸாஸ் 1484-ஆம் ஆண்டு ஸ்பெயினின் செவில் நகரில் பிறந்தார். தந்தை பெத்ரோ ஒரு வணிகர். 1493-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், மேற்குக் கடலைக் கடந்து திரும்பிய கொலம்பஸ் செவில் நகருக்கு வந்தார். அவருடன் அத்தீவுகளிலிருந்து கொண்டுவரப்பட்ட பூர்வகுடி மக்கள் சிலரும், வண்ணக் கிளிகளும் இருந்தனர். வேடிக்கை பார்க்கத் திரண்ட கூட்டத்தில் எட்டு வயதுச் சிறுவனாகிய லாஸ் காஸாஸும் இருந்தார்.

அதே ஆண்டில் கொலம்பஸ் மேற்கொண்ட இரண்டாவது கடற்பயணத்தில் பெத்ரோவும் சேர்ந்துகொண்டார். சில ஆண்டுகளுக்குப் பின் ஊர் திரும்பியபோது, தீவைச் சேர்ந்த ஓர் இளைஞனை உடன் அழைத்துவந்து மகனுக்குப் பணியாளாகக் கொடுத்தார். 1500-ஆம் ஆண்டில் அரசி இஸபெல்லா, அவ்வாறு கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்புமாறு ஆணையிட்டார். அந்த இளைஞனும் திருப்பி அனுப்பப்பட்டான். ஒரு மனிதனை இன்னொரு மனிதனுக்குப் பரிசாகத் தரலாமா என்ற கேள்வி அன்று லாஸ் காஸாஸின் உள்ளத்தில் எழுந்ததாகத் தெரியவில்லை.

அக்காலத்து ஸ்பெயினில் அக்கேள்வி எழுவது எளிதன்று. 1493-ஆம் ஆண்டு போப் ஆறாம் அலெக்சாண்டர் வெளியிட்ட ஆணைகள், புதிதாகக் கண்டறியப்பட்ட நிலங்களை ஸ்பெயினின் அரசனுக்கும் அரசிக்கும் வழங்கியிருந்தன. அங்குள்ள மக்களைக் கிறிஸ்தவ சமயத்திற்குக் கொண்டுவருவது அக்கொடையோடு இணைந்த கடமை. அடுத்த ஆண்டே தோர்தெசியாஸ் என்ற ஊரில் ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. வெர்தே முனைத் தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் கடலின்மீது ஒரு கோடு வகுத்து, மேற்கே உள்ளவை ஸ்பெயினுக்கு, கிழக்கே உள்ளவை போர்ச்சுகலுக்கு என்று பிரித்துக்கொண்டனர். 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் அரசன் அக்கோட்டின் கிழக்குப் பாதியைத் தன்னுடையதாகவே எண்ணியிருந்தான். கோட்டின் இருபுறமும் வாழ்ந்த கோடிக்கணக்கான மக்களுக்கு அப்படி ஒரு கோடு இருப்பதே தெரியாது.

நிலமும் அதன் மக்களும்

1502-ஆம் ஆண்டு, தமது பதினேழாம் வயதில், லாஸ் காஸாஸ் புதிய ஆளுநர் நிக்கோலாஸ் தே ஒவாந்தோவின் கப்பற்படையுடன் ஹிஸ்பானியோலா தீவை அடைந்தார். இன்றைய ஹைத்தி, டொமினிக்கன் குடியரசு ஆகிய இரு நாடுகளும் அமைந்திருப்பது அத்தீவில்தான். அங்கு தாயினோ என்னும் மக்கள் வாழ்ந்துவந்தனர்.

ஸ்பானியர்கள் அங்கே நடைமுறைப்படுத்திய ஏற்பாட்டிற்கு எங்கோமியெந்தா என்று பெயர். ஒப்படைத்தல் என்பது அச்சொல்லின் பொருள். ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பூர்வகுடி மக்கள் ஒரு ஸ்பானியனிடம் ஒப்படைக்கப்படுவர். அவர்கள் அவனுடைய தங்கச் சுரங்கத்திலும் வயலிலும் உழைக்க வேண்டும். அவன் அவர்களைக் காத்து, சமய போதனை அளிக்க வேண்டும். ஏட்டில் இது பொறுப்பாகத் தோன்றியது. நாட்டில் இது அடிமைத்தனமாக இருந்தது. சுரங்கத்தில் உழைக்க ஆண்கள் பல மாதங்கள் தொலைவிடங்களுக்கு ஓட்டிச் செல்லப்பட்டனர். வயல்கள் விதைப்பாரின்றிக் கிடந்தன. பசியும் நோயும் ஊர்களைக் காலியாக்கின. கொலம்பஸ் வந்தபோது தீவில் எத்தனை பேர் வாழ்ந்தனர் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் 1508-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 60,000 பேராக இருந்தவர்கள், 1514-ஆம் ஆண்டுக் கணக்கில் சுமார் 26,000 பேராகக் குறைந்துவிட்டனர். பெரியம்மை அத்தீவை எட்டியது அதற்குப் பிறகுதான்.

லாஸ் காஸாஸும் நிலமும் மக்களும் பெற்றார். இடையில் பாதிரியாராகவும் ஆனார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை அவர் கொடுமைப்படுத்தவில்லை, அன்பாகவே நடத்தினார். ஆனால் அவர்களுடைய உழைப்பில் விளைந்த செல்வத்தை ஏற்பதில் தவறு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

இருமுறை கேட்ட பிரசங்கம்

1510-ஆம் ஆண்டில் டொமினிக் சபைத் துறவியர் சிலர் தீவுக்கு வந்தனர். ஓலை வேய்ந்த குடிலில் எளிமையாக வாழ்ந்த அவர்கள், ஓராண்டுக் காலம் அனைத்தையும் பார்த்துக்கொண்டிருந்தனர். 1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. சாந்தோ தொமிங்கோ நகர தேவாலயத்தில் ஆளுநர் தியேகோ கொலம்பஸ் உட்படப் பெரிய மனிதர்கள் அனைவரும் அமர்ந்திருக்க, அந்தோனியோ தே மொந்தேசினோஸ் என்ற துறவி பேச எழுந்தார். எந்த உரிமையால், எந்த நீதியால் இம்மக்களை அடிமைகளாக வைத்திருக்கிறீர்கள் என்று அவர் கேட்டார். இவர்கள் மனிதர்கள் அல்லவா என்றும் கேட்டார். இந்நிலையில் நீடிக்கும் எவருக்கும் மீட்பு இல்லை என்று எச்சரித்தார்.

கேட்டவர்கள் கொதித்தெழுந்தனர். அன்றே துறவியரின் குடிலுக்குச் சென்று, சொன்னதைத் திரும்பப் பெறுமாறு வற்புறுத்தினர். தலைமைத் துறவி பெத்ரோ தே கோர்தோபா, அடுத்த ஞாயிறும் மொந்தேசினோஸே பேசுவார் என்றார். மன்னிப்புக் கேட்பார் என்ற எதிர்பார்ப்பில் ஊர் முழுவதும் திரண்டது. மொந்தேசினோஸ் முன்பு சொன்னதையே முன்னிலும் உறுதியாகச் சொன்னார். அந்த இரு ஞாயிறுகளைப் பற்றி இன்று நாம் அறிவது, பின்னாளில் லாஸ் காஸாஸ் எழுதிவைத்ததன் வாயிலாகவே.

ஆனால் அன்று அவர் மனம் மாறவில்லை. அடிமைகளை வைத்திருப்பதால் அவருக்குப் பாவமன்னிப்பு வழங்க இயலாது என்று ஒரு டொமினிக் துறவி மறுத்தபோதுகூட, அவர் வாதாடினாரே தவிர அடிமைகளை விடவில்லை. வாதத்தால் மட்டும் உடைந்துவிடுவதன்று அந்த உறக்கம்.

பிரசங்கத்தின் எதிரொலி ஸ்பெயினை எட்டியது. 1512-இல் பூர்கோஸ் நகரில் சில சட்டங்கள் இயற்றப்பட்டன. உழைப்பு நேரமும் உணவும் ஒழுங்குபடுத்தப்பட்டன. எங்கோமியெந்தா அப்படியே நீடித்தது. 1513-இல் பாலாசியோஸ் ரூபியோஸ் என்ற சட்ட அறிஞர் ஒரு பத்திரத்தைத் தயாரித்தார். உலகைப் படைத்த இறைவன், அவரது பிரதிநிதியாகிய போப், அவர் இந்நிலங்களை ஸ்பெயின் அரசருக்கு அளித்தது ஆகியவற்றை எடுத்துரைத்து, மக்களைப் பணியுமாறு அழைத்தது அப்பத்திரம். பணிய மறுத்தால் போரும் அடிமைத்தனமும் வரும். அதனால் விளையும் துன்பங்களுக்கு அவர்களே பொறுப்பு என்றும் அறிவித்தது. படைத்தலைவர்கள் தாக்குதலுக்கு முன் இதை உரக்கப் படிக்க வேண்டும். அவர்களும் படித்தனர், ஸ்பானிய மொழியில். சில வேளைகளில் மக்கள் ஓடிப்போன வெற்றூர்களிலும், மரங்களுக்கு முன்பாகவும் படித்தனர். படித்து முடித்தபின் அவர்களுடைய மனம் தெளிவாயிற்று, வாளை உருவினர். இப்பத்திரத்தைப் பின்னாளில் படித்த லாஸ் காஸாஸ், இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று திகைத்தார்.

கானாவோவில் கண்டது

1513-ஆம் ஆண்டில் கியூபா தீவைக் கைப்பற்றச் சென்ற படையில் லாஸ் காஸாஸ் குருவாகப் பணியாற்றினார். கானாவோ என்ற ஊருக்குப் படை சென்றபோது, ஊர் மக்கள் கிழங்கு அப்பமும் மீனும் கொடுத்து வரவேற்றனர். ஆயிரக்கணக்கானோர் தரையில் அமர்ந்து, குதிரைகளை வியப்புடன் பார்த்துக்கொண்டிருந்தனர். வரும் வழியில் ஆற்றுப் படுகையின் கற்களில் வீரர்கள் தங்கள் வாள்களைத் தீட்டியிருந்தனர். திடீரென ஒருவன் வாளை உருவினான். காரணம் எவருக்கும் தெரியாது. பிறகு அனைவரும் உருவினர். ஆண், பெண், குழந்தை, முதியவர் என்ற வேறுபாடின்றி வெட்டினர். லாஸ் காஸாஸ் ஓடி ஓடித் தடுக்க முயன்றார், இயலவில்லை.

இதைக் கண்ணால் கண்ட பிறகும் அவர் கியூபாவில் அரிமாவோ ஆற்றின் அருகே நிலமும் மக்களும் பெற்றுக்கொண்டார் என்பது நம்மைத் திகைக்க வைக்கிறது. படுகொலையைப் படைவீரனின் குற்றமாகவும், தம் பண்ணையை நல்ல கிறிஸ்தவனின் பொறுப்பாகவும் அவர் மனம் தனித்தனியே பிரித்து வைத்திருந்தது போலும். இரண்டும் ஒரே மரத்தின் கிளைகள் என்று தெரிய இன்னும் ஓராண்டு ஆயிற்று.

மனமாற்றம்

1514-ஆம் ஆண்டு. பெந்தெகொஸ்தே விழாவிற்கான பிரசங்கத்தைத் தயாரிக்க லாஸ் காஸாஸ் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். சீராக் ஆகமத்தின் முப்பத்து நான்காம் அதிகாரம் கண்ணில் பட்டது. அநியாயமாகச் சேர்த்த பொருளிலிருந்து படைக்கும் காணிக்கையை இறைவன் ஏற்பதில்லை என்பதும், ஏழையின் பிழைப்பைப் பறிப்பது அவன் உயிரைப் பறிப்பதே என்பதும் அதன் கருத்து. பலமுறை படித்த பகுதிதான். அன்று அது வேறு எவரையும் குறிக்காமல் தம்மையே குறிப்பதாக உணர்ந்தார். தாம் பலிபீடத்தில் படைக்கும் அப்பம் யாருடைய உழைப்பில் விளைந்தது என்ற கேள்வி அவரை விடவில்லை. சில நாட்கள் சிந்தனையில் கழிந்தன. கானாவோ, சுரங்கங்கள், மொந்தேசினோஸின் சொற்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்தன. இம்மக்களுக்கு இழைக்கப்படும் அனைத்தும் அநீதி என்ற முடிவுக்கு வந்தார்.

முதலில் தம்மிடமிருந்தவர்களை விடுவிக்க வேண்டும். பிறகே பிறருக்குப் போதிக்க வேண்டும் என்று அவர் தெளிந்தார். ஆளுநர் தியேகோ வெலாஸ்கேஸிடம் சென்று தமது முடிவைத் தெரிவித்தார். வியப்படைந்த ஆளுநர், நன்கு யோசிக்குமாறு பதினைந்து நாட்கள் அவகாசம் கொடுத்தார். அந்தப் பதினைந்து நாட்களும் இப்போதே முடிந்துவிட்டதாகக் கொள்ளுமாறு லாஸ் காஸாஸ் கேட்டுக்கொண்டார். ஆகஸ்ட் 15 அன்று சாங்தி ஸ்பிரிதுஸ் ஊரில் ஸ்பானியர் அனைவரின் முன்னிலையிலும் தமது துறப்பை அறிவித்தார். பண்ணைப் பங்காளியான பெத்ரோ தே லா ரெந்தேரியா அப்போது ஜமைக்காவில் இருந்தார். அவரும் தனியே இதே கவலையில் ஆழ்ந்திருந்தது திரும்பி வந்தபோதுதான் தெரிந்தது. பண்ணையை விற்று, லாஸ் காஸாஸ் அரசனிடம் முறையிடச் செல்ல அவர் துணை நின்றார். அப்போது லாஸ் காஸாஸுக்கு வயது இருபத்தொன்பது.

தோல்வியும் பெரும்பிழையும்

1515-இன் இறுதியில் அவர் மன்னர் பெர்தினாந்தைச் சந்தித்தார். சில வாரங்களிலேயே மன்னர் காலமானார். புதிய உலகின் நிர்வாகத்தைக் கவனித்துவந்த பிஷப் பொன்சேகாவிடம், மூன்று மாதங்களில் ஏழாயிரம் குழந்தைகள் மாண்டதை எடுத்துரைத்தார். அதனால் தமக்கு என்ன, அரசருக்குத்தான் என்ன என்று பிஷப் கேட்டதாக லாஸ் காஸாஸ் பதிவு செய்திருக்கிறார். பிஷப்பின் பெயரிலேயே தீவுகளில் மக்கள் ஒப்படைக்கப்பட்டிருந்தனர். 1516-இல் ஆட்சிப் பொறுப்பேற்ற கர்தினால் சிஸ்னேரோஸ், லாஸ் காஸாஸுக்குப் பூர்வகுடியினரின் காப்பாளர் என்ற பதவியை அளித்தார்.

இவ்விடத்தில் அவரது வாழ்வின் மிகப் பெரிய பிழையைச் சொல்லாமல் செல்லலாகாது. தீவு மக்களைச் சுரங்கங்களிலிருந்து விடுவிக்கும் ஆர்வத்தில், அவர்களுக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவர அனுமதிக்கலாம் என்று அவர் அரசுக்கு அளித்த திட்டங்களில் பரிந்துரைத்தார். அவருக்கு முன்பே ஆப்பிரிக்கர்கள் கொண்டுவரப்பட்டனர். வேறு பலரும் அவ்வாறு பரிந்துரைத்தனர். எனினும் இவரும் பரிந்துரைத்தார். 1518-இல் 4,000 ஆப்பிரிக்கர்களைக் கொண்டுசெல்ல அரச அனுமதி வழங்கப்பட்டது. ஒரு மக்களின் விலங்கை உடைத்தவர், அதை இன்னொரு மக்களின் கையில் பூட்ட இசைந்தார். நியாயமான போரில் பிடிபட்டவர்களே அவ்வாறு அடிமைகளாயினர் என்று அவர் நம்பியிருந்தார். மீண்டும் ஒரு நம்பிக்கை. மீண்டும் ஓர் உறக்கம்.

1521-இல் தென் அமெரிக்கக் கரையிலுள்ள குமானாவில், படையின்றி விவசாயிகளைக் கொண்டு ஒரு குடியேற்றம் அமைக்க முனைந்தார். அதற்காக அரசுக்கு வருவாய் தருவதாகவும் வணிகர்களுக்குப் பங்கு தருவதாகவும் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. அழைத்து வந்த விவசாயிகள் வழியிலேயே கலைந்தனர். அக்கரையில் அடிமை பிடிப்போர் செய்த கொடுமைகளால் வெகுண்ட மக்கள் குடியேற்றத்தைத் தாக்கி அழித்தனர். அன்பின் பணியை ஆதாயத்தோடு பேரம் பேசிச் சேர்த்தது தம் குற்றமே என்று லாஸ் காஸாஸ் கருதினார். 1522-இல் டொமினிக் சபையில் சேர்ந்து துறவியானார். சில ஆண்டுகள் மடத்தின் அமைதியில் கல்வியிலும் தியானத்திலும் கழிந்தன. 1527-இல் அவர் எழுதத் தொடங்கிய இந்தியத் தீவுகளின் வரலாறு என்ற பெருநூல், முதுமை வரை தொடர்ந்தது.

வாளில்லாத வழி

மடத்திலிருந்து வெளிவந்தபோது அவரிடம் தெளிந்த ஒரு கோட்பாடு இருந்தது. உண்மையை மனித உள்ளம் ஏற்பதற்கு ஒரே வழி, அறிவுக்கு இணக்கமாக எடுத்துரைத்து மனத்தை மென்மையாக ஈர்ப்பதே. அச்சுறுத்தி ஏற்க வைத்தது நம்பிக்கையாகாது என்று ஒரு நூலில் நிறுவினார். அது ஏட்டளவில் அழகான கற்பனை என்று பிறர் நகைத்தனர். செய்து காட்டுமாறு சவால் விட்டனர்.

குவாத்தமாலாவில் தூசூலூத்லான் என்ற மலைப் பகுதி இருந்தது. அங்குள்ள மக்களைப் படைகளால் வெல்ல முடியவில்லை. போர் நிலம் என்றே அதை ஸ்பானியர் அழைத்தனர். 1537-இல் லாஸ் காஸாஸ் ஆளுநருடன் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். ஐந்து ஆண்டுகளுக்குத் துறவியரைத் தவிர எந்த ஸ்பானியனும் அங்கு நுழையக் கூடாது. பணியும் மக்களை எவரிடமும் ஒப்படைக்கக் கூடாது. துறவியர் அம்மக்களின் மொழியில் பாடல்கள் இயற்றி, அப்பகுதிக்கு வழக்கமாகச் செல்லும் பூர்வகுடி வணிகர்களுக்குக் கற்பித்து அனுப்பினர். பாடல்களைக் கேட்ட தலைவன், இவற்றை இயற்றியவர்களைக் காண விரும்பினான். இவ்வாறு வாளின்றி வழி திறந்தது. பின்னர் அப்பகுதிக்கு வேராபாஸ், அதாவது மெய்யான அமைதி, என்று அரசாணைப்படி பெயரிடப்பட்டது. ஆயினும் அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. சுற்றிலும் நடந்த ஆக்கிரமிப்புகளும் குடியேறியவர்களின் பேராசையும் அதைக் குலைத்தன.

அதே 1537-இல் போப் மூன்றாம் பவுல், இம்மக்கள் மெய்யான மனிதர்கள், அவர்களுடைய சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அறிவித்தார். மனிதர்களை மனிதர்கள் என்று ஓர் ஆணை பிறப்பித்துச் சொல்ல வேண்டியிருந்தது அன்றைய நிலை.

சட்டமும் சினமும்

1540-இல் ஸ்பெயின் திரும்பிய லாஸ் காஸாஸ், தாம் கண்டவற்றையும் கேட்டவற்றையும் தொகுத்துப் பேரரசர் ஐந்தாம் சார்லஸிடம் அளித்தார். 1542 நவம்பரில் புதிய சட்டங்கள் பிறந்தன. இனி எவரையும் அடிமையாக்கக் கூடாது. எங்கோமியெந்தா உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்லாது என்று அவை விதித்தன.

1545-இல் லாஸ் காஸாஸ் மெக்சிகோவின் சியாபாஸ் பகுதிக்கு பிஷப்பாகச் சென்றார். அடிமைகளை விடுவிக்காதவருக்குப் பாவமன்னிப்பு இல்லை என்று அறிவித்தார். ஒரு காலத்தில் தமக்கு மறுக்கப்பட்டதைத்தான் இப்போது அவர் பிறருக்கு மறுத்தார். நகரம் கலவரத்தில் இறங்கியது. அவர் உயிருக்கே மிரட்டல் எழுந்தது. பெருவில் குடியேறிய ஸ்பானியர் ஆயுதமேந்திக் கிளர்ந்து, 1546-இல் அரசப் பிரதிநிதியையே கொன்றனர். அதற்கு முன்பே, 1545 அக்டோபரில், வாரிசுரிமையைத் தடுத்த விதியைப் பேரரசர் திரும்பப் பெற்றிருந்தார். 1547-இல் லாஸ் காஸாஸ் இறுதியாகக் கடல் கடந்து ஸ்பெயின் வந்து சேர்ந்தார்.

வல்லதோலித் விவாதம்

அங்கே அவரை எதிர்நோக்கியிருந்தவர் ஹுவான் கினேஸ் தே செபுல்வேதா. அரிஸ்டாட்டிலின் அரசியல் நூலை லத்தீனில் மொழிபெயர்த்த பேரறிஞர், பேரரசரின் வரலாற்றாசிரியர். போரை நியாயப்படுத்தி அவர் எழுதிய நூலை அச்சிட அனுமதி கிடைக்கவில்லை. 1550 ஏப்ரலில் பேரரசர், இக்கேள்வி தீரும்வரை புதிய படையெடுப்புகளை நிறுத்துமாறு ஆணையிட்டார். தன் வெற்றிகள் நியாயமானவைதானா என்று ஒரு பேரரசு நின்று யோசித்த அரிய தருணம் அது.

ஆகஸ்டில் வல்லதோலித் நகரின் சான் கிரிகோரியோ கல்லூரியில், இறையியலாரும் சட்ட அறிஞரும் அடங்கிய குழுவின் முன் விவாதம் தொடங்கியது. செபுல்வேதா மூன்று மணி நேரம் பேசினார். அவருடைய காரணங்கள் நான்கு. இம்மக்கள் விக்கிரக வழிபாடு, நரபலி ஆகிய பெரும்பாவங்களைச் செய்கின்றனர். அவர்கள் இயல்பிலேயே தாழ்ந்த அறிவினர். தாழ்ந்தோர் உயர்ந்தோருக்குப் பணிவது இயற்கை விதி. பணியவைத்தால் சமயத்தைப் பரப்புவது எளிது. நரபலிக்கு ஆளாகும் அப்பாவிகளைக் காக்க வேண்டும். இந்நான்கில் ஒன்றுகூடப் பொன்னைப் பற்றியதன்று. நான்கும் அறத்தின் மொழியில் அமைந்தவை.

லாஸ் காஸாஸ் ஐந்து நாட்கள் தமது மறுப்பைப் படித்தார். காட்டுமிராண்டி என்ற சொல்லையே அவர் முதலில் ஆராய்ந்தார். கொடுமை செய்பவன் காட்டுமிராண்டி என்றால், ஸ்பானியரே அப்பெயருக்கு உரியவர்கள். எழுத்தறியாதவன் என்றால், அது அறிவின்மையாகாது. முற்றிலும் பகுத்தறிவற்றவன் என்றால், அத்தகையவர் எந்த இனத்திலும் மிகச் சிலரே; ஓர் இனம் முழுவதையும் அவ்வாறு சொல்வது படைத்தவனையே பழிப்பதாகும். கிறிஸ்தவர் அல்லாதவன் என்றால், அதனால் எவரும் பிறருடைய அதிகாரத்துக்கு உட்பட்டவராகிவிட மாட்டார். ஒரு காலத்தில் ரோமானியர் ஸ்பெயினின் மக்களையும் காட்டுமிராண்டிகள் என்றே கருதினர். அவர்களைப் பங்கிட்டுக்கொள்ள ரோமுக்கு உரிமை இருந்ததா என்றும் வினவினார்.

நரபலியைப் பற்றிய அவரது வாதம் அவையைத் திகைக்க வைத்தது. அது பிழை என்பதில் அவருக்கு ஐயமில்லை. ஆயினும் இறைவனுக்குத் தன்னிடமுள்ளவற்றுள் மிக உயர்ந்ததைத் தர வேண்டும் என்ற ஏக்கத்தில் பிறந்த பிழை அது; மனிதனுக்கு உயிரினும் உயர்ந்தது இல்லை. அப்பிழையைப் போதனையால் நீக்கலாம். போரால் நீக்க முயன்றால், காப்பாற்றப்படுவோரைவிடக் கொல்லப்படும் அப்பாவிகளே மிகுதியாவர் என்றார்.

செபுல்வேதா ஒருமுறைகூடக் கடல் கடந்து அம்மக்களைக் கண்டதில்லை. லாஸ் காஸாஸ் அவர்களிடையே வாழ்ந்தவர். நம் நாட்டின் வரலாற்றிலும் இதற்கு ஓர் எதிரொலி உண்டு. 1817-இல் வெளிவந்து, பிரிட்டிஷ் அதிகாரிகள் தலைமுறை தலைமுறையாகப் பயின்ற இந்திய வரலாற்று நூலை எழுதிய ஜேம்ஸ் மில், இந்தியாவில் கால் வைத்ததே இல்லை. அதை அவர் குறையாகவும் கருதவில்லை. பிறரை ஆள்வது அவர்களுடைய நன்மைக்கே என்று முடிவு செய்தவருக்கு, அவர்களை நேரில் அறிய வேண்டிய தேவை எழுவதில்லை.

1551-இல் குழு மீண்டும் கூடியது. முறையான தீர்ப்பு எதுவும் வெளிவரவில்லை. செபுல்வேதாவின் நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. ஆனால் படையெடுப்புகள் மீண்டும் தொடர்ந்தன. 1573-இல் இரண்டாம் பிலிப் மன்னர், இனி வெற்றி கொள்ளுதல் என்ற சொல்லைத் தவிர்த்து, அமைதிப்படுத்துதல் என்றே எழுத வேண்டும் என்று விதித்தார். சொல் மாறியது.

இறுதி ஆண்டுகள்

1552-இல் லாஸ் காஸாஸ், பேரரசருக்கு முன்பு அளித்த தொகுப்பைச் செவிலில் அச்சிட்டார். இந்தியத் தீவுகளின் அழிவைப் பற்றிய சுருக்கமான வரலாறு என்பது அதன் தலைப்பு. அதில் அவர் தரும் எண்கள் பல மிகையானவை என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அவருடைய குறைகளைச் சமகாலத்தவரும் கடுமையாகச் சாடினர். பூர்வகுடியினரை நேசித்த மொத்தொலினியா என்ற துறவியே 1555-இல் அவரைக் கண்டித்துப் பேரரசருக்கு எழுதினார். இன்னொன்றையும் நேர்மையுடன் சொல்ல வேண்டும். அம்மக்களைத் தம் சமயத்துக்கு அழைக்க வேண்டும் என்பதில் லாஸ் காஸாஸ் கடைசிவரை ஐயம் கொண்டதில்லை. அவர்கள் விரும்பி ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் விட்டுவிட வேண்டும் என்பதே அவர் வகுத்த எல்லை. அந்த எல்லையைக் காலம் செல்லச் செல்ல அவர் மேலும் மேலும் அம்மக்களின் பக்கம் நகர்த்தினார். மக்களின் இசைவின்றி அமைந்த ஆட்சிக்கு உரிமை இல்லை என்றும், பெருவிலிருந்து எடுத்த செல்வத்தைத் திருப்பித் தருவதோடு ஆட்சியையும் இன்கா வாரிசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் எண்பது வயதில் எழுதினார்.

பெருவின் ஸ்பானியர் எங்கோமியெந்தாவை நிரந்தரமாக்கக் கடனில் தவித்த அரசனுக்குப் பெருந்தொகை தர முன்வந்தபோது, 1560-இல் பூர்வகுடித் தலைவர்களின் சார்பில் அதைவிடக் கூடுதலாகத் தருவதாக மனுச் செய்தவரும் அவரே. 1566 ஜூலை 18 அன்று மத்ரித் நகரின் அதோச்சா மடத்தில் அவர் உயிர் நீத்தார்.

நூலுக்கு நேர்ந்தது

அவருடைய சிறு நூல் அவருக்குப் பின் விந்தையான பயணம் மேற்கொண்டது. ஸ்பெயினின் பகைவர்களாகிய டச்சுக்காரரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதை மொழிபெயர்த்துப் பரப்பினர். ஸ்பானியர் கொடியவர்; நாங்கள் அவர்களைப் போன்றவர் அல்லர் என்பதற்கு அது சான்றாயிற்று. 1655-இல் கிராம்வெலின் படை ஸ்பெயினிடமிருந்து ஜமைக்காவைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு அந்நூலின் புதிய ஆங்கில மொழிபெயர்ப்பு கிராம்வெலுக்குக் காணிக்கையாக்கப்பட்டு வெளிவந்தது. அதே ஜமைக்கா பின்னர் ஆப்பிரிக்க அடிமைகளின் குருதியில் கரும்பு விளைத்த தீவாயிற்று. பேரரசுக்கு எதிராக எழுதிய நூல் இன்னொரு பேரரசுக்குப் படிக்கட்டாயிற்று. பிறருடைய பாவத்தைக் காட்டும் கண்ணாடியாக அதைப் பயன்படுத்தியவர்கள், அதில் தம் முகத்தைப் பார்க்க மறந்தனர்.

கடலின்மீது கோடு வகுத்த கோட்பாடு நெடுங்காலம் வாழ்ந்தது. 2023 மார்ச்சில்தான் வத்திக்கான், கண்டறிந்தவருக்கே நிலம் சொந்தம் என்ற கோட்பாட்டைத் தான் நிராகரிப்பதாக அறிக்கை வெளியிட்டது. மொந்தேசினோஸ் கேள்வி கேட்டு அப்போது ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

லாஸ் காஸாஸ் தமது பெருநூலை வல்லதோலித் கல்லூரியில் ஒப்படைத்து, நாற்பது ஆண்டுகள் அதை வெளியிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். அது அச்சேறியது 1875-இல்தான். அந்நூலில் மன்னர்களையும் ஆளுநர்களையும் பிஷப்புகளையும் குற்றம் சாட்டும் அவர், ஓரிடத்தில் தம் பக்கமே திரும்புகிறார். ஆப்பிரிக்கர்கள் எவ்வாறு வஞ்சனையாகப் பிடிக்கப்பட்டனர் என்பதைப் பின்னர் அறிந்ததாகவும், அவர்களுக்கு நேர்ந்ததும் தீவு மக்களுக்கு நேர்ந்த அதே அநீதி என்று உணர்ந்ததாகவும் எழுதுகிறார். தம் அறியாமையும் நல்லெண்ணமும் இறைவனின் தீர்ப்பில் தம்மைக் காக்குமா என்பதில் தமக்கு உறுதியில்லை என்றும் ஒப்புக்கொள்கிறார்.

அதை எழுதும்படி அவரை எவரும் கேட்கவில்லை. எழுதாமல் விட்டிருந்தால் குறை சொல்பவரும் அன்று இல்லை. பிறருக்கு நன்மை செய்வதாக எண்ணி அதிகாரம் செலுத்தும் எவரும், வீட்டிலாயினும் நாட்டிலாயினும், தம்மிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியை அவர் எண்பதை நெருங்கும் வயதிலும் தம்மிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.